ஆனைமலைப் பெருமரங்களை இனங்கண்ட வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆனைமலை இன்று புலிகள் காப்பகமாகும். இதன் பசுமைமாறாக் காடுகளில் வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் முதலிய இயல் மரங்கள் 30 மீட்டருக்கும் மேல் வளர்கின்றன. இவற்றை இனங்காண்பதில் நெடுங்காலமாக ஒரு சிக்கல் இருந்தது. தாவரவியல் நூல்கள் பூவைக் கேட்டன. பூவோ எட்டாத உயரத்தில் இருந்தது.

லின்னேயசு காலம் தொட்டே தாவர வகைப்பாடு பூவின் உறுப்புகளைச் சார்ந்தது. சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் 1856-இல் அமர்த்தப்பட்டார். அவருக்குப் பின் வந்த பெடோம், தென்னிந்திய மரங்களைப் பற்றிய தம் படநூலை 1869 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். கேம்பிள் 1915-இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலை, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936-இல் முடித்தார். இவை இன்றும் மதிக்கப்படும் நூல்களே. ஆனால் பூக்காத மரத்தின் அடியில் நிற்பவருக்கு இவை அதிகம் உதவுவதில்லை.

இதே காட்டில் வாழும் காடர் பழங்குடியினர் பூவுக்காகக் காத்திருக்கவில்லை. பட்டை, பால், பிசின், மணம் ஆகியவற்றைக் கொண்டே மரத்தை அறிந்தனர். கருங்குங்கிலியப் பிசின் சேகரிப்பவர் மரத்தைத் தவறாகக் கண்டால் அன்றைய உழைப்பே வீண் அல்லவா?

அச்சு நூல்கள் இவ்வழிக்கு வரத் தாமதமாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1987-இல் பாஸ்கல், பி. ஆர். ரமேஷ் ஆகியோரின் களக் கையேட்டை வெளியிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களையும் கொடிகளையும் பூவின்றியே அறிய அது வழிகாட்டியது. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா? காம்பை ஒடித்தால் பால் வடிகிறதா? இவ்வாறு கேள்விகளால் குழப்பம் படிப்படியாகக் குறையும். இலையின் அடிப்புறம் செம்பு நிறச் செதில்களால் மின்னினால் வெடிப்பலாவை நினைக்கலாம். நெருக்கமான இணை நரம்புகள் இருந்தால் புன்னை இனம். பட்டையைக் கீறும்போது செந்நீர் கசிந்தால் காட்டுச் சாதிக்காய்க் குடும்பமாக இருக்கக்கூடும்.

மாணவர்கள் பெரிதும் தவறுவது கீழே கிடக்கும் இலையை நம்பித்தான். அது பக்கத்து மரத்தினுடையதாகவோ, மேலே படர்ந்த கொடியினுடையதாகவோ இருக்கலாம். இருகண் நோக்கியால் கிளையையும் பார்த்து ஒப்பிடுவது நல்லது.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் இப்போது இயல் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. கன்றில் பூவும் இல்லை, முதிர்ந்த பட்டையும் இல்லை. இலையும் சிலவேளை ஏமாற்றும்: வளர்ந்த அயனி மரத்தின் இலை பிளவற்றது, அதன் கன்றின் இலையோ ஆழமாகப் பிளவுபட்டு வேறொரு மரம்போல் தோன்றும்.