பஞ்சில்லாத சீட்

சைக்கிள் சீட் மெத்தென்று இருந்தால்தான் சுகம் என்ற எண்ணத்தை பர்மிங்காம் தோல் தொழில் 19ஆம் நூற்றாண்டிலேயே பொய்யாக்கியது. அங்கே சேணம் செய்துவந்த ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1882இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்துக்குப் பேர் வாங்கித் தந்த சீட்டுகளில் பஞ்சே கிடையாது. இரும்புச் சட்டத்தின் முன்னும் பின்னும் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டிய தடித்த மாட்டுத்தோல், அவ்வளவுதான். உட்காரும்போது பாரம் இடுப்பெலும்பின் இரு முனைகளில் இறங்குகிறது. மெத்தையில் அவை புதைந்தால் நடுப்பகுதி எழும்பி நரம்பை அழுத்தும். தோலோ அந்த இரண்டு இடங்களில் பள்ளம் விழுந்து ஆளுக்கேற்பப் படியும். பழகும்வரை வலிக்கும், மழையில் தொய்யும் என்பார்கள். உண்மைதான், தொய்வை இறுக்கத்தான் சீட்டின் மூக்கடியில் திருகு இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே சீட் பொருந்தாது. நிமிர்ந்து ஓட்டுபவருக்கு அகலமும் சுருள்வில்லும் வேண்டும். குனிந்து மிதிப்பவருக்கு அதே அகலம் தொடையை உரசும்.