சிந்திய குருதியும் ஏற்றிய குருதியும்

குடல் புற்றுநோய் அறுவையின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. அறுவையின்போது மிகுதியாகக் குருதி இழந்தவர்கள் பின்னாளில் நலிவதேன்? இழந்த குருதியாலா, ஈடாக ஏற்றிய பிறர் குருதியாலா?

1908-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் எர்னஸ்ட் மைல்ஸ் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குமுன் அவர் ஆசனவாய் வழியாக மட்டும் அறுத்து மலக்குடல் புற்றை நீக்கிய 57 பேரில் 54 பேருக்கு நோய் மீண்டிருந்தது. ஆகவே வயிற்றையும் திறந்து, சுற்றியுள்ள திசுக்களோடு மலக்குடலை அகற்றும் முறையை வகுத்தார். தொடக்கத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அறுவையை ஒட்டியே மாண்டனர். குருதி வகைகளை லாண்ட்ஸ்டைனர் 1901-இலேயே வெளியிட்டிருந்தார். எனினும், உறையாமல் காக்கும் சோடியம் சிட்ரேட் 1914-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. சிகாகோவில் இரத்த வங்கி அமைந்தது 1937-இல். அதன்பின் பேரறுவைகளுக்கு அச்சம் குறைந்தது. சிந்தியதை ஈடுசெய்துகொள்ளலாம் அல்லவா?

ஐயம் வேறொரு திசையிலிருந்து வந்தது. சிறுநீரக மாற்றுக்கு முன் பிறர் குருதி ஏற்றப்பட்டவர்களிடம் மாற்றுறுப்பு நெடுநாள் நிலைப்பதை 1973-இல் ஓப்பெல்ஸ் குழுவினர் கண்டனர். அக்குருதி உடலின் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்துகிறது என்று கருதப்பட்டது. அப்படியானால் புற்றுநோயாளியின் கதி என்ன? குருதி ஏற்றப்பட்ட பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு நோய் மீள்வது மிகுதி என்று நியூயார்க்கின் பரோஸ், டார்ட்டர் இருவரும் 1982-இல் எழுதினர்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் நெதர்லாந்து மருத்துவர்கள். 475 நோயாளிகளை இரு பிரிவாக்கி, குருதி தேவைப்பட்டால் ஒரு பிரிவினருக்கு அவரவர் முன்னரே அளித்துவைத்த குருதியையும், மறு பிரிவினருக்குப் பிறர் குருதியையும் ஏற்றினர். 1993-இல் வெளியான முடிவில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. ஆயினும் யாருடைய குருதியானாலும், ஏற்ற நேர்ந்தவர்கள் ஏற்றத் தேவைப்படாதவர்களைவிட நலிந்தனர். குருதியைவிட, அதை வேண்டச் செய்த சூழலே காரணமாகலாம் என்றனர் ஆய்வாளர்.

அச்சூழலின் ஒரு பகுதியை இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர மருத்துவர் பில் ஹீல்ட் 1982-இலேயே சுட்டியிருந்தார். மலக்குடலைக் கையால் பிய்த்தெடுப்பது பழைய வழக்கம். அதில் பின்புறச் சிரைகள் கிழிந்து குருதி பெருகும். கொழுப்புறை சிதைந்து புற்றணுக்களும் எஞ்சும். உறையைச் சூழ்ந்து, குருதிக்குழாய்கள் அருகிய ஓர் இடைத்தளம் உண்டு. கண்ணால் கண்டு அவ்வழியே கூராக அறுத்தால் இரண்டும் குறையும் என்றார் அவர். 1990-களில் ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து நாடுகளில் மருத்துவர்கள் இதில் பயிற்சி பெற்றபின், நோய் அதே இடத்தில் மீள்வது வெகுவாகக் குறைந்தது.

குருதியேற்றத்துக்கும் நோய் மீள்வதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் காரணம் அதுவே என நிறுவ இயலாது என்றது 2006-ஆம் ஆண்டின் கோக்ரேன் தொகுப்பாய்வு. உயிர் காக்கக் குருதி வேண்டும்போது மறுக்கவும் கூடாது. தேவையின்றி ஏற்றவும் கூடாது. குருதியளித்த உறவினர், தம் கொடையே தீங்காயிற்றோ என்று குமைய வேண்டியதில்லை. சிந்திய குருதியின் அளவு, நோய் எவ்வளவு முற்றியிருந்தது, கை எவ்வழியே சென்றது என்பவற்றுக்கான சாட்சியாகவும் இருக்கக்கூடும். சாட்சியையே குற்றவாளியாக்கிவிடும் அவசரம் நமக்கு வேண்டாம்.