துவக்குச் சத்தத்துக்குப் பிறகு: கிழக்கில் சந்தேகத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது ஆயுததாரிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் தொழுத இடத்திலேயே ஷஹீதானார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். மீரா பள்ளிச் சுவரில் சன்னம் பாய்ந்த அடையாளங்களை ஊரார் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். வருடாவருடம் ஆகஸ்ட் 3ஐ ஷுஹதாக்கள் தினமாக நினைவு கூர்கிறோம்.

அந்த இரவைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது அதற்கு அடுத்த நாட்களைப் பற்றி. சனங்கள் என்ன கதைத்தார்கள், யாரைச் சந்தேகித்தார்கள், அந்தச் சந்தேகம் கடைசியில் எவர் வாசலில் போய் இறங்கியது என்பதைப் பற்றி.

எங்கள் வரிப்பத்தான்சேனை இறக்காமப் பிரதேசத்தில் இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது போலக் கடலோர ஊர் இல்லை. குளமும் வட்டையும் சூழ்ந்த உள்ளூர். ஒரு பக்கம் போனால் அம்பாறையும் கல்லோயாத் திட்டத்தில் வந்த சிங்களக் குடியேற்றங்களும். இன்னொரு பக்கம் மாணிக்கமடு போன்ற தமிழ்க் குடியிருப்புகள். மற்றப் பக்கம் நம்மட ஊர்கள். மூன்று சனமும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் வேளாண்மை செய்த இடம் இது. இப்படிப்பட்ட இடத்தில் சந்தேகம் என்பது மனசுக்குள் மட்டும் இருக்கிற சாமான் இல்லை. எந்தப் பாதையால் போவது, எந்த வயலை விதைக்காமல் விடுவது, யாரைக் கூலிக்குக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் அது தீர்மானிக்கும்.

காத்தான்குடிச் செய்தி எங்களுக்கு வானொலியில்தான் முழுமையாக வந்தது. அந்தக் காலத்தில் இரவானால் பிபிசி தமிழோசைக்குக் காது கொடுக்காத தெரு கிடையாது. புலிகள் இயக்கம்தான் செய்தது என்பதில் ஊரில் எவருக்கும் ஐமிச்சம் இருக்கவில்லை. இயக்கம் மறுத்தது. மூன்று வாரத்துக்கு முன்னர்தான், ஜூலை 12இல், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குப் போன முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டு, இறக்கிக் கொண்டு போகப்பட்டு, கொல்லப்பட்டிருந்தார்கள். ஹஜ்ஜு முடித்துத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றபோது அவர்களில் முஸ்லிம் பொலிஸாரும் இருந்தார்கள். ஆகவே சந்தேகம் சும்மா வானத்திலிருந்து விழவில்லை.

ஆனால் அந்த நாட்களின் பேச்சை இன்று நினைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகப் படுகிறது. முதல் நாள் கேள்வி, "ஆரு சுட்டது?" என்பதாக இருந்தது. இரண்டு மூன்று நாளில் அது, "அவனுகள் எப்பவும் இப்படித்தான்" என்று மாறிவிட்டது. சுட்டவன் ஒருமையில் இருந்தான். அவனுகள் என்ற சொல்லுக்குள் கதிர் வெட்ட வருபவரும், தட்டாரும், பள்ளிக்கூடத்து ஆசிரியரும், சந்தைக்கு வரும் கிழவியும் ஏறிக்கொண்டார்கள். கேள்வி ஒன்று முடிவாக மாறியதை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் முடிவு கேள்வியின் உடுப்பையே உடுத்திக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் நம்ம பக்கம் சிறுபோக அறுவடைக் காலம். எனக்கு அப்போது 11 வயது. வாப்பாவின் வயலில் வருசா வருசம் வந்து வெட்டும் ஒரு தமிழ்க் கூட்டம் இருந்தது. அந்த வருசம் அவர்கள் வரவில்லை. வாப்பாவும் ஆள் அனுப்பவில்லை. "பயத்தில வரல்லையா, நம்மள நம்பாம வரல்லையா?" என்று உம்மா கேட்டா. "ரெண்டும் ஒண்டுதான் புள்ள" என்றார் வாப்பா. வேளாண்மை கொஞ்சம் முற்றிக் கொட்டுப்பட்டது. கூலிக்கு வந்தவர்களுக்கு அது ஒரு போகத்துச் சோறு. இதை ஒரு பெரிய இழப்பாகச் சொல்ல வரவில்லை. மையித்துகளை எண்ணிக்கொண்டிருந்த மாதம் அது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் காத்தான்குடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வாப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஆள் அனுப்ப முடியாதபடி ஊர்ப்பேச்சு இருந்தது.

ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் வீடு வீடாகப் புகுந்து கொன்றார்கள். அங்கும் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மறுநாள் 12ஆம் திகதி சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அகதிகளாக இருந்த தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தவர்களில் நம்மவர்கள், அதாவது அரசாங்கம் துவக்குக் கொடுத்த ஊர்காவல் படையினர் இருந்தார்கள். விசேட அதிரடிப்படை பார்த்திருந்தது, உதவியது என்பதும் தமிழ் மக்களின் உறுதியான சாட்சியம். நமது ஆய்வுகள் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, வீரமுனையை ஒரு வரியில் தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே போல் தமிழ்ப் பக்கத்து எழுத்துகள் வீரமுனையை விரிவாக எழுதிவிட்டு, அதற்கு ஒன்பது நாள் முந்திய இரவை அடைப்புக்குறிக்குள் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தாளில் எழுதியவர்கள் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தின் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு அந்தக் குறைவானவர்களில் முக்கியமானது.

வீரமுனைக் கோயிலுக்குள் இருந்தவர்களில் எவரும் மீரா பள்ளியில் சுடவில்லை. அவர்களைச் சுட்டுவிட்டதால் பள்ளியில் சுட்டவர்களுக்கு ஒரு கீறலும் விழவில்லை. மாறாக, அவர்களுக்கு அது வாய்ப்பாகப் போனது. தமிழ்ச் சனத்திடம் போய், "பார்த்தீர்களா, சோனகரை நம்பலாமா?" என்று கேட்க அதைவிட நல்ல ஆதாரம் வேறு வேண்டியதில்லை. அந்தப் பக்கமும் ஒரு 'அவனுகள்' தயாராக இருந்தது. முஸ்லிம் என்றால் காட்டிக்கொடுப்பவன்; ஊர்காவல் படை என்றால் 'ஜிகாத்'. முன்னர் தமிழ் இயக்கங்களில் முஸ்லிம் இளைஞர்கள் இருந்தார்கள் என்பதுகூட அந்தச் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே கொடுத்தார்கள். யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் இருந்தவருக்கும் கிழக்கில் துவக்குத் தூக்கிய ஊர்காவலருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. பெயரே போதுமாக இருந்தது.

கிழக்கின் தமிழர் முஸ்லிம் உறவைப் பேசும் மேடைகளில் 'புட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்ற உவமை தப்பாமல் வரும். எனக்கு அந்த உவமையில் அவ்வளவு பிடிப்பில்லை. 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் நடந்த கலவரத்திலேயே அது உதிர்ந்து போனது. சேர்ந்து வாழ்ந்தோம் என்பது உண்மை. ஆனால் ஒரு கொலை நடந்தால் அதை யார் விசாரிப்பார், யார் தண்டிப்பார் என்ற நம்பிக்கை இரண்டு சனத்துக்கும் இருக்கவில்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாகக் கிடந்த இடத்தில்தான் சந்தேகம் குடியேறியது. காத்தான்குடிக்கு ஒரு வழக்கு நடக்கவில்லை, ஏறாவூருக்கு நடக்கவில்லை, வீரமுனைக்கும் நடக்கவில்லை. 1990 செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் இராணுவம் கொன்ற தமிழர்கள் 184 பேர் என்று பின்னாளில் ஜனாதிபதி ஆணைக்குழு பதிவு செய்தது; அதற்கும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2006 பொத்துவில் சம்பவத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். செப்டம்பர் 17ஆம் திகதி, றாத்தல் குளத்தில் வேலைக்குப் போன முஸ்லிம் கூலித் தொழிலாளர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் உடல்கள் கிடைத்தன. அது வெட்டிக் கொன்றது, துவக்கால் அல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு நடந்தவை நமது விசயத்துக்கு நேரடியாக உரியவை. அரசாங்கம் உடனே புலிகளைச் சொன்னது. 1990 என்றால் அந்தச் சொல்லே போதும். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கு நெருப்பு வைக்க ஆள் கிளம்பியிருக்கும். பொத்துவில் சனம் அதைச் செய்யவில்லை. அந்தப் பகுதி யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, யாருக்கு அங்கே போய்வர முடியும் என்று கேட்டார்கள். விசேட அதிரடிப்படை முகாமை நோக்கி விரல் நீட்டினார்கள். ஹர்த்தால் நடத்தினார்கள், சுயாதீன விசாரணை கேட்டார்கள். அவர்களுடைய சந்தேகம் சரியா பிழையா என்பது வேறு. அது ஒரு சனத்தின் மேல் போகவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரத்தின் மேல் போனது. உடலகம தலைமையிலான ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்பட்ட 16 சம்பவங்களில் இதுவும் ஒன்று. அந்த ஆணைக்குழுவின் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வரவே 2015 ஆயிற்று. பொத்துவிலுக்கு நீதி வரவில்லை. ஆனாலும் 16 வருசத்தில் நமது சனம் கேள்வி கேட்கும் விதம் மாறியிருந்தது என்பதற்கு அது சாட்சி.

வெளியுலகத்திலும் இதே இரண்டு விதம் உண்டு. 2011 ஜூலை 22இல் நோர்வேயில் ஒஸ்லோவில் குண்டு வெடித்து 8 பேரும், உட்டோயா தீவில் துப்பாக்கிச் சூட்டில் 69 பேரும் இறந்தார்கள். முதல் சில மணி நேரம் தொலைக்காட்சி நிபுணர்கள் முஸ்லிம்களைத்தான் சொன்னார்கள். ஒஸ்லோத் தெருவில் முஸ்லிம்கள் ஏச்சு வாங்கினார்கள். பிறகு பிடிபட்டவன் முஸ்லிம்களை வெறுக்கும் ஒரு நோர்வேக்காரன். 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வந்தவர்கள் 51 பேர் ஒரே துப்பாக்கிதாரியால் கொல்லப்பட்டபோது காத்தான்குடியை நினைக்காத கிழக்கு முஸ்லிம் இருந்திருக்க மாட்டார். அங்கே ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை, விடுதலையே இல்லாமல். அரச ஆணைக்குழுவின் அறிக்கை 2020 டிசம்பரில் பகிரங்கமாக வெளிவந்தது. அதில் ஒரு செய்தி நம்மவர் கவனிக்க வேண்டியது: உளவுத்துறை தனது கவனத்தைப் பொருத்தமில்லாத அளவுக்கு முஸ்லிம் தீவிரவாதத்தின் மேலேயே வைத்திருந்தது என்று ஆணைக்குழு சொன்னது. அதனால்தான் தாக்குதலைத் தடுக்க முடியாமல் போனது என்று சொல்லவில்லை. அந்த நிதானமே அறிக்கைக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

அந்தப் படுகொலை நடந்து ஐந்து வாரத்தில், ஏப்ரல் 21, இலங்கையில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். இரண்டு நாளில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவான் விஜேவர்தன, இது கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். அப்படி ஒரு தகவலும் தங்களிடம் இல்லை என்றது நியூசிலாந்து. பள்ளிவாசலில் கொல்லப்பட்டவர்களுடைய மையித்துகளைக்கூட நம் தலையில் குற்றமாக ஏற்ற முடியும் என்று அன்று கண்டோம்.

ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நடந்ததைப் பலரும் அரைகுறையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்த ஆட்களைப் பற்றி ஐமிச்சப்பட்டு முதலில் தகவல் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள். துப்பாக்கிச் சண்டையும் குண்டு வெடிப்பும் நடந்தது. உள்ளே இருந்த பிள்ளைகளும் மாண்டார்கள். அந்த உடல்களைக் கடைசியில் அம்பாறை புத்தங்கல மயானத்தில் அடக்கினார்கள். ஊராரின் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வீட்டு இலக்கம் இருந்தது. எந்த வீடு, எத்தனை பேர், எப்போது வந்தார்கள் என்று கேட்டது. அதே வாரத்தில் நாடு முழுக்கக் கிளம்பிய மற்றச் சந்தேகத்துக்கு இலக்கம் எதுவும் இல்லை. தாடி, அபாயா, அரபு எழுத்துள்ள கிதாபு, வீட்டிலிருந்த கத்தி என்று எல்லாம் அதற்குப் போதும். மே 13இல் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் கடைகளும் பள்ளிகளும் எரிந்தபோது, எரித்தவர்களுக்கு எந்த வீடு என்ற கேள்வியே எழவில்லை. நாம் 1990இல் பேசிய 'அவனுகள்' என்ற சொல்லை அப்போது வேறொரு பாசையில் நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். அம்பாறைக்குச் சாமான் வாங்கப் போன எங்கள் ஊர்ப் பெண்கள், சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் அவை.

குருக்கள்மடத்து மையித்துகள் இன்னும் தோண்டி எடுக்கப்படவில்லை. 2014இல் உறவினர் ஒருவரின் முறைப்பாட்டின் பேரில் விடயம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்து, தோண்டுவதற்கு உத்தரவும் ஆயிற்று. பிறகு அது ஒத்திவைக்கப்பட்டு, அப்படியே கிடப்பில் போனது. பல வருடங்களுக்குப் பின் அதே நீதிமன்றத்தில் மீண்டும் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. இந்த வழக்கை முஸ்லிம்களின் வழக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளாமல், வீரமுனைக்காரரும் சத்துருக்கொண்டான்காரரும் தங்கள் கோப்புகளோடு வந்து பக்கத்து வாங்கில் உட்காரும்படி நமது சட்டத்தரணிகளும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் இப்போதே அவர்களோடு கதைத்தால் நல்லது. சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.