எண்ணிக் கொடுத்த பண்டங்கள்

விருந்தின் வரலாறு என்றதும் நம் நினைவு தலைவாழை இலைக்கே போகிறது. இலைக்கு வெளியே, விழா நாட்களில் கையில் வாங்கி நின்றபடியே தின்னும் சிறு பண்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தேட வேலூர்ப் பகுதி பொருத்தமான இடம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையிலுள்ள கணியம்பாடியில் நின்று பார்த்தால் வடக்கே திருமலை, வடகிழக்கே ஆர்க்காடு, மேற்கே தோல் தொழில் ஊர்களான ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. மூன்று திசைகளுக்கும் தனித்தனிப் பலகார மரபுகள் உண்டு.

முதலாவது கோயில் மரபு. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை திருமலையும் வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அங்குள்ள விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் அப்பப்படி, வடைப்படி, அதிரசப்படி, சுகியன்படி என்று பண்டங்கள் கணக்கோடு குறிக்கப்படுகின்றன. கட்டளை வைத்தவருக்குப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். சோற்றை அளந்து பங்கிடலாம். ஆனால் அன்றே உண்டாக வேண்டும். நெய்யில் வெந்த பண்டத்தையோ எண்ணிப் பங்கிடலாம், துணியில் முடிந்து ஊருக்கும் கொண்டுபோகலாம். வடைக்கும் அதிரசத்துக்கும் விழாவில் கிடைத்த இடத்துக்குச் சுவை மட்டும் காரணமன்று. பங்கீட்டுக்கு ஏற்ற வடிவமும் காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது ஆர்க்காட்டு மரபு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதத்துல்லா கான் காலத்தில் இவ்வூர் கர்நாடக நவாப்புகளின் தலைநகராக விளங்கியது. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் மாண்டார். அவர் மகன் முகம்மது அலி பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்து, 1768இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டி முடித்தார். அரசு போனது, மக்கன் பேடா தங்கிவிட்டது. கோவாவும் மைதாவும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, நடுவே பருப்பு வகைகளை வைத்து உருட்டி, பொரித்துப் பாகில் ஊறவைக்கும் இனிப்பு இது. நவாப்பின் விருந்துக்காகப் பிறந்தது என்பது ஆர்க்காட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

மூன்றாவது நோன்புக் கால மரபு. ரமலான் மாலைகளில் ஆம்பூர்த் தெருக்களில் கஞ்சியோடு சமோசாவும் மணக்கும். 10ஆம் நூற்றாண்டுப் பாக்தாத் சமையல் நூலிலேயே இதன் மூதாதை இடம்பெற்றுவிட்டது. 14ஆம் நூற்றாண்டில் தில்லி வந்த இபுன் பதூதா, கொத்துக்கறியும் பாதாமும் பிஸ்தாவும் வெங்காயமும் வைத்து நெய்யில் பொரித்த 'சம்புசக்' ஒவ்வொருவர் முன்னும் நான்கைந்தாக வைக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். அந்த விருந்திலும் அது எண்ணித்தான் வைக்கப்பட்டது. நம் ஊர்ச் சமோசாவில் உருளைக்கிழங்கு இல்லை. மெல்லிய பட்டியில் வெங்காயத்தை முக்கோணமாக மடித்து, ஓரத்தை மைதாப் பசையால் ஒட்டிப் பொரிக்கிறார்கள்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரு கேள்வி எழுகிறது: கையில் கொடுக்கும் பண்டம் மனிதரைச் சேர்த்ததா, பிரித்ததா? பந்திக்கு வரிசை உண்டு. முதற்பந்தி யாருக்கு என்பதைச் சாதியே தீர்மானித்தது. 1920களில் வ. வே. சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் தனியே உண்டது தமிழக அரசியலையே உலுக்கியது. பலகாரத்துக்குப் பந்தி தேவையில்லை. அது மதம் கடந்தும் வீடு கடந்தும் போகும். பெருநாள் பலகாரம் இந்து வீட்டுக்கும் தீபாவளிப் பலகாரம் முஸ்லிம் வீட்டுக்கும் போவது இப்பகுதியின் இயல்பான வழக்கம். ஆனால் அதே பண்டத்தை, ஏந்திய கையில் தம் கை படாமல் மேலிருந்து போட்டவர்களும் இம்மண்ணில் உண்டு. தோல் தொழிற்சாலைகளில் பாடுபடுவோரில் தலித் மக்கள் மிகுதியாக உள்ள இப்பகுதியில் இதை மறந்து பலகாரப் பெருமை பேசுவது நேர்மையாகாது. பண்டம் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு நிகராக, எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதும் வரலாறே.

ஆகவே வீட்டு விசேஷத்தில் பலகாரம் வைப்போருக்கு நாம் சொல்லக்கூடியது எளியது. மக்கன் பேடாவைச் சிறிதாக உருட்டி, பாகு வடித்து, ஒவ்வொன்றாக மந்தாரை இலைத் தொன்னையில் வையுங்கள், விரல் பிசுபிசுக்காது. சமோசாவை மூடி வைக்காதீர்கள். ஆவி இறங்கினால் பட்டி துவண்டுவிடும். பக்கத்திலேயே உளுந்து வடையும் அதிரசமும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே பெரிய தாம்பாளத்தில் பரப்பி, கூடத்தின் நடுவே வைத்துவிடுங்கள். கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு அங்கே இராது. சமைத்தவரும், பந்தல் போட்டவரும், வந்த விருந்தினரும் ஒரே தட்டில் கை நீட்டி எடுக்கட்டும். அவ்வளவு காலம் எண்ணிக் கொடுத்த பண்டத்தை இனி எண்ணாமல் வைப்போம்.