காவிரிக் கரைவழியே ரங்கன்திட்டு

ஆறுகளின் வரலாறே நாடுகளின் வரலாறு என்பர் பெரியோர். இவ்வுண்மையைக் கண்ணால் கண்டறிய விரும்பும் நம் சங்கத்து அன்பர்களுக்கு, எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பத்தக்க தொலைவில் ஓர் இடம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துக் காவிரியின் நடுவே அமைந்துள்ள ரங்கன்திட்டுப் பறவைகள் சரணாலயமே அது. ஆற்றிடைத் தீவினை நாம் திட்டு என்கிறோம். கன்னடத்தாரும் அதே சொல்லால் வழங்குகின்றனர்.

மைசூருக்குச் செல்லும் புதிய விரைவுச் சாலை 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பட்டது. நேரம் குறைவாக உள்ளவர்க்கு அது ஏற்றதே. ஆயினும் ஆற்றைக் காண விழைவோர் கனகபுரம், மளவள்ளி, பன்னூர், அரகெரே வழியாகச் செல்லும் பழைய சாலைகளையே நாட வேண்டும். அவ்வழியில் செல்லும்பொழுது நாம் குடிக்கும் நீரின் வழியையும் ஓரளவு கண்டுகொள்ளலாம். பெங்களூருக்குக் காவிரி நீர் முதன்முதலாக 1974-ஆம் ஆண்டில் வந்தது. மளவள்ளி வட்டத்துத் தொரெகாடனஹள்ளியில் தூய்மை செய்யப்பெறும் நீர், ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய நிலையங்களில் மீண்டும் மீண்டும் ஏற்றப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு கடந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி இந்நகரை அடைகின்றது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

மளவள்ளிக்கு அருகே சிவசமுத்திரம் உள்ளது. அங்கு 1902-ஆம் ஆண்டில் உண்டாக்கப்பட்ட மின்சாரம் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் மக்கள். இந்த ஆற்றுக்கும் இந்நாட்டில் குடியேறிய தமிழர்க்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று.

பன்னூரைத் தாண்டியதும் நிலத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக வெள்ளம் கொணர்ந்த வண்டல் படிந்த சமவெளி இது. நெல்லும் கரும்பும் தென்னையும் இருபுறமும் செழித்து நிற்க, இடையிடையே வெல்லம் காய்ச்சும் ஆலைகளின் புகை எழுகின்றது. மைசூர் உடையார் காலத்துக் கால்வாய்கள் இன்றும் இவ்வயல்களுக்கு நீர் தருகின்றன. தஞ்சைத் தரணியில் பிறந்தவர் எவரும் இங்கே தம் ஊரை நினையாதிருக்க இயலாது.

அடுத்து வருவது ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து சூழ்ந்த தீவு அது. இங்குள்ள பள்ளிகொண்ட பெருமானை ஆதிரங்கன் என்றும், சிவசமுத்திரத்தில் இருப்பவரை மத்தியரங்கன் என்றும், நம் ஸ்ரீரங்கத்தில் இருப்பவரை அந்தியரங்கன் என்றும் வைணவர் போற்றுவர். கோட்டைக்கு ஆறே அகழியாயிற்று. மழை பெய்து காவிரி பெருகிவிட்டால் முற்றுகையிடும் படை ஆற்றைக் கடத்தல் அரிது. இதனை நன்கறிந்த ஆங்கிலப் படையினர், வெள்ளம் வருமுன்னர், 1799-ஆம் ஆண்டு மே 4 அன்று நீர் வற்றிப் பாறைகள் தெரிந்த ஆற்றைக் கடந்து கோட்டைக்குள் புகுந்தனர். திப்பு சுல்தான் அன்று போரில் வீழ்ந்தார். சில வாரங்கள் கழிந்திருப்பின், காவிரி அக்கோட்டையைக் காத்திருக்கவும் கூடும்.

அங்கிருந்து ரங்கன்திட்டு மிக அருகில் உள்ளது. இத்தீவுகள் முற்றிலும் இயற்கையாய் அமைந்தவை அல்ல. கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில், 1645-க்கும் 1648-க்கும் இடையே, பாசனத்தின் பொருட்டு ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டது. நீர் தேங்கவே, மேடான பகுதிகள் தீவுகளாயின. நாற்புறமும் நீர் சூழ்ந்த மரங்களில் பறவைகள் அச்சமின்றிக் கூடு கட்டலாயின. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதன் அருமையை எடுத்துரைக்க, மைசூர் அரசு 1940-ஆம் ஆண்டில் இதனைச் சரணாலயமாக அறிவித்தது. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் முதலியவை இங்கு வாழ்கின்றன. பாறைகளின் மேல் முதலைகள் வெயில் காய்வதையும் காணலாம்.

நம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலின் கதையும் இதனை ஒத்ததே. ஏரி உழவர்க்காக ஏற்பட்டது. பறவைகள் அதில் குடிபுகுந்தன. ஊரார் வேண்ட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தார். ரங்கன்திட்டும் வேடந்தாங்கலும் 2022-ஆம் ஆண்டிலேயே, உலக நாடுகள் 1971-இல் செய்துகொண்ட ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

ஆனால் ரங்கன்திட்டின் வாழ்வு ஒரு மதகின் கையில் உள்ளது. சற்று மேலே, 1911-இல் தொடங்கி 1930-களின் தொடக்கத்தில் நிறைவுற்ற கண்ணம்பாடி அணை நிற்கின்றது. அதன் முழு அளவு 124.8 அடி. அவ்வளவு நிரம்பியபின் மிகுநீர் திறக்கப்படுங்கால் தீவுகள் முழுகுகின்றன, கரைகள் அரிக்கின்றன, மரங்கள் சாய்கின்றன, படகுகள் நிறுத்தப்படுகின்றன. நீர் மிகக் குறைந்தாலோ நாயும் நரியும் தீவுக்கு நடந்து சென்றுவிடும். மிகையும் குறையும் ஆகிய இரண்டுமே இங்கு அழிவு.

அவ்வழிவு பறவைகளோடு நிற்பதன்று. கண்ணம்பாடியில் 124 அடி என்றால் இங்குள்ளார் மகிழ்வர். மேட்டூரில் 120 அடி என்றால் நம் உறவினர் மகிழ்வர். இடையில் வாழும் நாமோ இரண்டு எண்களையும் நாள்தோறும் நாளிதழில் தேடுகின்றோம். 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என வழக்கு நீண்டது. அத்தீர்ப்பில் பெங்களூரின் குடிநீர்க்கென 4.75 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் உயிர்ச்சேதம் நேர்ந்ததையும், தமிழ்க் குடும்பங்கள் பல ஊரை விட்டு அகன்றதையும் நம் மூத்தோர் மறந்திலர். வறண்ட ஆண்டுகளில் இப்பகை பெரிதும் மூளுகின்றது என்பதையும் அவர்கள் அறிவர்.

ஆகவே நம் பிள்ளைகளுக்குக் காவிரியை வழக்காக மட்டும் அறிமுகம் செய்தல் போதாது. ஆறாகவும் காட்ட வேண்டும். தை முதல் வைகாசி வரையுள்ள காலம் பறவைகளைக் காண ஏற்றது. குடும்பத்தோடு சென்று, கரையில் ஓசையின்றி நின்று, படகிலேறிக் கண்டு வாருங்கள். வழியில் அரகெரே உழவரோடு அவர்தம் மொழியில் இரண்டு சொல் பேசுங்கள். அவர் வயலுக்குப் பாயும் நீரே நம் வீட்டுக் குவளையிலும், நம் சோழநாட்டு வயலிலும் உள்ளது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வர். வாழ்க காவிரி!