கட்டில் சொல்லும் "உள்ளேன் ஐயா"

மாணவ நண்பர்களே, முப்பத்தைந்து ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் படித்தவன் நான். பெயரைப் படித்ததும் "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் எழும். குரல் எழுந்தால் ஆள் உண்டு என்று குறித்துக்கொள்வோம். அக்குரல் எப்போதும் அவ்வாளுக்கே உரியதா என்பதை ஆசிரியரும் அறிவார். உங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். நான் இன்று கூறப்போவது, ஒரு மரக்கட்டில் "உள்ளேன் ஐயா" என்று சொல்லக் கற்றுக்கொண்ட வரலாறு.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையை ஒட்டியது எங்கள் சேரப்பணஞ்சேரி. நான் சிறுவனாக இருந்தபோது இரவில் தவளைச் சத்தம் கேட்கும். இப்போது ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகளின் சத்தம் கேட்கிறது. எண்பத்தெட்டு வயதான என் தாயார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் கட்டிலிலிருந்து எழுந்து, விளக்கின் சுவிட்சைத் தேடிக் கைநீட்டி நடந்தவர், வாயிற்படி தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு தப்பியது எங்கள் நற்பேறு. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் தெரிவித்தது. அவர்களுள் மிகுதியானோர் முதியோர்.

என் தங்கை மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பாளன். "மாமா, ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு ஒன்றைப் போட்டுவிடலாம்" என்றான், போட்டான். உடலின் வெப்பக் கதிர் இடம் மாறுவதைக் கண்டு எரியும் விளக்கு அது. அதனிடம் ஒரு பெருங்குறை இருந்தது. தாயார் படுத்தபடி புரண்டாலும் எரிந்து தூக்கத்தைக் கெடுக்கும். பூனை குறுக்கே போனாலும் எரியும். ஆனால் அவர் எழுந்து, தலைசுற்றல் தெளியட்டும் என்று கட்டில் விளிம்பில் அசையாமல் அமர்ந்தால் அணைந்துவிடும். அசையாதவர் அதன் கணக்கில் இல்லாதவர். அசைந்தாலும் அசையாவிட்டாலும் மனிதரை விட்டு நீங்காத ஒன்றைப் பிடித்தாலன்றி இக்குறை தீராது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த ஒன்று, எடை.

எடையைக்கொண்டு மனித உடலை ஆராயத் துணிந்தவர்களுள் முதன்மையானவர் இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சாந்தோரியோ. பெரிய துலாக்கோல் ஒன்றிலிருந்து நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்து, உண்ணுமுன்னும் உண்டபின்னும் தம்மை நிறுத்துக்கொண்டார். உண்டதன் எடைக்கும் கழித்ததன் எடைக்கும் இடையே பெரும் வேறுபாடு இருக்கக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாமல் உடலிலிருந்து ஏதோ ஆவியாகிறது என்று முடிவுகட்டினார். 1614ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆண்டுக்கணக்கில் தராசிலேயே வாழ்ந்த அம்மனிதரை நினைக்கும்போதெல்லாம், அவர் வீட்டார் பொறுமையை எண்ணி வியப்பேன்.

தராசு இன்னும் நுட்பமானதைச் சொல்லும் என்று கண்டவர் கார்டன். சுருள்வில் எடைப்பொறியின்மேல் ஒருவர் எவ்வளவு அசைவின்றி நின்றாலும் அதன் முள் இதயத் துடிப்புக்கேற்பச் சற்றே ஆடுகிறது என்று அவர் 1877இல் எழுதினார். இதயம் குருதியைத் தள்ளும்போது உடல் எதிர்ப்புறம் நூலிழை அளவு நகர்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி நம் படுக்கையிலும் உண்டு. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து மருத்துவர் ஐசக் ஸ்டார், மேற்கூரையிலிருந்து தொங்கும் கட்டிலில் நோயாளியைப் படுக்கவைத்து அந்த ஆட்டத்தை வரைகோடாகப் பதிவுசெய்து 1939இல் வெளியிட்டார். பின்னர் இதய மின்வரைவு முதலிய கருவிகள் முன்னேறவே, ஸ்டாரின் கட்டில் மெல்ல மறக்கப்பட்டது.

தொங்கும் கட்டில் வீட்டுக்கு ஆகாது. கட்டில் தரையிலேயே நிற்கவேண்டும். அதன் கால்கள் எடை சொல்லவேண்டும். அதற்கு வழிகாட்டிய உண்மை, பின்னர் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1856இல் கண்டறிந்தது: உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது. எண்பது ஆண்டுகள் அவ்வுண்மை பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்னும் இருவர், ஒருவரையொருவர் அறியாமலே, மெல்லிய கம்பியை ஒரு பரப்பின்மேல் ஒட்டிவைத்தால், பரப்பு வளையும்போது கம்பியும் நீண்டு சுமையின் அளவைக் காட்டும் என்று செய்து காட்டினர். இதுவே திரிபளவி.

மின்தடை மாறும் அளவு மிகமிகச் சிறிது. அதை அளப்பதற்கு வேண்டிய சுற்று உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. ஆம், வீட்ஸ்டன் சமனச்சுற்றுதான்! கிறிஸ்டி என்பவர் 1833இல் அமைத்ததை வீட்ஸ்டன் 1843இல் எடுத்து விளக்கினார். பெயர் பின்னவருக்கே நிலைத்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த மாணவர்கள் பலர், "இதனால் யாருக்கு ஐயா பயன்?" என்று என்னைக் கேட்டதுண்டு. எங்கள் சாலையில் நாற்பது டன் லாரி ஏறி நிற்கும் எடைமேடையின் அடியில் இருப்பதும் இதே திரிபளவி, இதே சமனச்சுற்று என்று அன்று சொல்ல எனக்குத் தோன்றாமல் போயிற்று.

லாரியை நிறுப்பது தாயாரை நிறுக்காதா? தங்கை மகன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்கும் நான்கு சிறிய எடையுணரிகளை வாங்கிவந்து கட்டிற்கால்களின்கீழ் வைத்தான். நான்கையும் இணைத்தால் ஒரு முழுச் சமனச்சுற்று ஆகிறது. 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையிலும் திரும்பக் கிடைப்பது சில மில்லிவோல்ட்டே. அதைப் பெருக்கி எண்ணாக்கும் சில்லு ஒன்று, எண்ணைப் படித்து விளக்கை ஏற்றும் மற்றொரு சிறு கருவி ஒன்று, அவ்வளவே. கட்டிலின் எடையைக் கழித்தால் தாயார் 43 கிலோ. அவர் விளிம்பில் அமர்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றும்போது, கால்களின் பாரத்தைத் தரை வாங்கிக்கொள்ள, எண் 35 அளவுக்கு இறங்குகிறது. அப்போதே, அவர் எழுந்து நிற்குமுன், கழிவறை வரை தரையோரமாக மங்கலான விளக்குகள் எரிகின்றன. திரும்பிவந்து படுத்தால் அணைகின்றன.

குறைகள் இல்லாமல் இல்லை. வெயிலுக்கும் குளிருக்கும் எடையுணரியின் சுழிநிலை சற்றே நகரும், அவ்வப்போது திருத்தவேண்டும். ஒருநாள் நான் கடையிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டையைக் கட்டிலின்மேல் வைத்துவிட, அது தாயாருக்குப் பதிலாக "உள்ளேன் ஐயா" என்றது. வகுப்பறையில் கண்ட பழைய தந்திரம்தான்!

கால்களை விட்டு மெத்தைக்குள் புகுந்த வழிகளும் உண்டு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். அவ்வியல்பு பின்னர் மெல்லிய தாளிலும் கைகூடியது. இன்று பெங்களூரில் 2015இல் தொடங்கப்பட்ட டோஸி என்னும் நிறுவனம், மெத்தையின் அடியில் விரிக்கும் தாள் ஒன்றால் இதயத் துடிப்பையும் மூச்சையும் கணக்கிடுகிறது. கொரோனாக் காலத்தில் மருத்துவமனைகளில் அது பயன்பட்டது. ஐசக் ஸ்டாரின் கட்டில் தாளாகச் சுருங்கி மீண்டு வந்துவிட்டது.

ஆனால் கட்டில் யாரிடம் "உள்ளேன்" என்று சொல்கிறது? வரலாற்றைவிட இக்கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நோயாளி எழுந்தால் செவிலியரை மணியடித்து அழைக்கும் கட்டில்களை அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் 27,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். மணியின் பயன்பாடு மிகுந்தது. விழுவோர் தொகையோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எங்கள் வீட்டிலும் முதலில் என் அறையில் மணியடிக்கும்படி அமைக்கவே எண்ணினோம். தாயார் மறுத்தார். "விளக்கு எரியட்டும். நான் எத்தனை தரம் எழுந்தேன் என்று நீ எதற்குக் கணக்கு வைக்கிறாய்?" என்றார். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் கருவி எதையும் எழுதி வைப்பதில்லை. வீட்டுக்கு வெளியே எதையும் அனுப்புவதும் இல்லை.

எங்களுக்கு அருகிலுள்ள வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்குவதற்குரிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறேன். எனினும், இத்தகைய விடுதி எதிலேனும் கட்டில்களுக்கு என்றேனும் வாய் முளைத்தால், அவை அங்கு உறங்கும் பெண்ணுக்கு விளக்கேற்றுமா, மேற்பார்வையாளருக்கு வருகைப் பதிவேடு எழுதுமா என்று நான் கேட்பேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தனர். பதிவேடு எழுதியே வயதான எனக்கும் அத்தீர்ப்பில் பாடம் உண்டு.

சென்ற கத்திரி வெயிலில் தாயார் கட்டிலை விட்டிறங்கிக் கோரைப்பாயைத் தரையில் விரித்துப் படுக்கத் தொடங்கினார். கட்டில் அவரை இல்லாதவர் என்று கொண்டு, விளக்குகளை விடியும்வரை எரியவிட்டது. தங்கை மகன் இப்போது பாயின்கீழ் வைக்கத்தக்க, அழுத்தத்தால் மின்தடை குறையும் தகடு ஒன்றை வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறான். "ஆயா சுருட்டி மூலையில் வைத்தாலும் உடையக் கூடாது, மாமா" என்கிறான்.