தானே ஊசி போட்டுக்கொண்ட பெண்

எதிர்வீட்டுப் பேத்திக்கு 7 வயதிலிருந்து சர்க்கரை. நம்மைப் போல வயதான பிறகு வந்ததல்ல. உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகை. 18 முடிந்ததும், இனி பெரியவர்கள் பிரிவுக்குப் போங்கள் என்று குழந்தை டாக்டர் அனுப்பிவிட்டார். புது டாக்டரோ தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் மட்டும் பேசினாராம். "11 வருஷமா ராத்திரி எழுந்து விரலைக் குத்திப் பாத்தவ நான் மாமா" என்று என்னிடம் வந்து அழுதாள்.

எனக்கு எலிசபெத் ஹியூஸ் நினைவு வந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். 1919இல், 11 வயதில், சர்க்கரை கண்டது. அப்போது இன்சுலின் கிடையாது. உணவை அறவே குறைத்துச் சாவைத் தள்ளிப்போடுவதுதான் வைத்தியம், டாக்டர் ஆலன் வகுத்தது. தாய் அன்டோனெட் அதையும் கட்டிக்காத்தார். 15 வயதை நெருங்கியபோது மகளின் எடை சுமார் 20 கிலோ.

டொராண்டோவில் 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். ஆகஸ்டில் அன்டோனெட் மகளை அங்கே டாக்டர் பான்டிங்கிடம் கொண்டுபோனார். மருந்து சொற்பமாக இருந்த காலம். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அமைச்சர் மகளுக்குக் கிடைத்தது என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

பிறகு தாய் செய்ததுதான் ஆச்சரியம். மகளை ஒரு நர்ஸிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். மகள் தனக்குத் தானே ஊசி போடப் பழகினாள். அந்தக் கால மருந்து சுத்தமில்லாதது, போட்ட இடம் வீங்கி வலிக்கும். ஆனால் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் சாப்பாட்டுப் பேச்சுதான் அதிகம்! மூன்று வருஷப் பசி. அந்தக் கடிதங்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன. நவம்பர் கடைசியில் வீடு திரும்பும்போது எடை நன்றாகக் கூடியிருந்தது.

கல்லூரிப் படிப்பு, கல்யாணம், மூன்று பிள்ளைகள். நோயை வெளியே காட்டிக்கொள்ளாமலே வாழ்ந்து, 1981இல் 73 வயதில் காலமானார்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தம்மா எப்படி மாமா விட்டுட்டுப் போனாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த முறை வியாழக்கிழமை. கூடப் போகிறாளாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாளாம்.